கையில் பிடித்துக் காட்டும் பெட்டைப் புறா

தம்பி,

வராதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. அப்பா கூப்பிட்டாலும், சித்தப்பா கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும் திண்டிவனத்துக்கு வராதே. ஜான்சியையும் அனுப்பாதே. ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். "யம்மா, விளம்பரம் போதும், படத்தப் போடு" என்று நீ கேலி செய்வாய். இந்தத் தடவை படத்தை முதலிலேயே போட்டுவிட்டேன். இதற்கு மேல் படிக்க நேரமில்லை என்றால் அப்படியே வைத்துவிடு, ஆனால் வராதே.

இதைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். வெளியே ஆயா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் எழுத முடியாது. "டிஸ்ப்ளே போயிடுச்சி, மாத்திக்கினு வர்றேன்" என்று என் போனை வாங்கிக்கொண்டு போன அப்பா இன்னும் திருப்பித் தரவில்லை. இன்று புதன். நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை கொடுக்கும் நாள். ஜான்சியின் அம்மாவும் வருவார்கள். இந்தத் தாள்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். அவர்கள் தெருவில் யாராவது ஒரு பெண் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். வாயால் சொல்லி அனுப்பினால் நீ நம்பமாட்டாய். "எங்கப்பாவா? போங்க அத்த" என்று சொல்லிவிடுவாய். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்தால் நம்புவாய். படித்துவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதே. நீ இருக்கிற இடத்தில் வக்கீல், போலீஸ், வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர் என்று எல்லோருக்கும் காட்டு. இது ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை. எத்தனை பேருக்குத் தெரிகிறதோ அத்தனைக்கத்தனை உனக்குக் காவல்.

நீ விட்டுவிட்டுப் போன கருப்புப் புறா ஜோடி அடுத்தடுத்துக் குஞ்சு பொரித்தது உனக்குத் தெரியாது. நீ போன புதிதில் அப்பா மாடிப் பக்கமே போகவில்லை. நான்தான் கம்பையும் சோளத்தையும் அள்ளிப் போட்டுத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். கூண்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேன். ஜான்சியைக் கட்டிக்கொண்டு போகத் தெரிந்தவனுக்கு இந்தப் புறாக்களை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகத் தெரியவில்லையே என்று சத்தமாகவே திட்டுவேன். உன் பெயரை வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்று உத்தரவு. மாடியில் சொல்லலாம். திட்டுவதற்காவது உன் பெயர் கிடைத்ததே என்றிருந்தது.

பிறகு ஒருநாள் அப்பா தானாகவே மாடிக்கு வந்தார். மண்டியிலிருந்து திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார், "உன் புள்ள ஜோடி போட்டது தப்பில்ல, நல்ல ரகம்" என்றார். உன் புள்ள என்று அவர் வாயில் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. கீழே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அன்று முதல் குஞ்சுகளைப் பழக்குவதுதான் அவருக்கு வேலை. வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற கர்ணப்புறாக் குஞ்சை வீடு திரும்பப் பழக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று நீயும் அவரும் பீற்றிக்கொள்வீர்கள் இல்லையா, அப்போதெல்லாம் நான் காதில் வாங்கியதில்லை. இப்போது பார்த்தேன். பறக்கத் தெரியாத குஞ்சுகளைக் கம்பிவலைப் பெட்டியில் போட்டுக் கூண்டின் மேலேயே வைத்தார். தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், எதிர்வீட்டு செல்போன் டவர் எல்லாவற்றையும் அவை பார்த்துப் பழக வேண்டுமாம். இரை வைக்கும்போதெல்லாம் தகர டப்பாவைக் குலுக்கி ஒரே மாதிரி விசில் அடித்தார். அரைவயிறுதான் கொடுத்தார். அப்புறம் காற்றில்லாத ஒரு சாயங்காலம், பசியோடு பெட்டியைத் திறந்துவிட்டார். கை தட்டவில்லை, துரத்தவில்லை, என்னையும் இருமக்கூடாது என்றார். அவை தத்தித் தத்தி வெளியே வந்து, பயந்து, எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றின. ஒன்றுக்குத் திரும்பி இறங்கத் தெரியவில்லை, டவர் பக்கமாக ஒதுங்கிப் போயிற்று. அப்பா கூண்டிலிருந்து வெள்ளைப் பெட்டையை எடுத்து, கால்களைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அது படபடவென்று இறக்கையை அடித்தது. மேலே திரிந்த குஞ்சு அதைப் பார்த்துவிட்டு நேராக வந்து இறங்கியது. அதற்குக் கைநிறைய கம்பு கிடைத்தது. வெள்ளைப் பெட்டைக்குக் கூண்டுதான்.

உனக்கு நினைவிருக்கும், ஏழாவது படிக்கும்போது நீ குஞ்சுகளுக்கு வயிறு முட்ட இரை வைத்துவிட்டுத் திறந்துவிட்டாய். எல்லாம் போய்ப் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்துகொண்டன. நீ என்ன குலுக்கினாலும் வரவில்லை. அப்பா அடிப்பார் என்று நான் உனக்கு முன்னால் வந்து நின்றேன். அவர் அடிக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து, "வயிறு நெறஞ்சவன் எதுக்குடா வூட்டுக்கு வருவான்" என்று சிரித்தார். இருட்டும்வரை இரண்டு பேரும் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதரை எனக்குத் தெரியும். அவருக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அவர் குஞ்சுகளிடம் காட்டிய பொறுமையைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நான் நம்பினேன். புறாவிடம் ஒருவர் நடந்துகொள்வதை வைத்துப் பிள்ளை விஷயத்தில் அவர் மனதைக் கணக்குப் போட்டேன் பார், என்னைப் போல ஒரு பைத்தியக்காரி எங்கும் இருக்கமாட்டாள்.

ஜான்சியின் அம்மாவை நான் பார்ப்பதை உனக்குச் சொல்லியிருப்பார்கள். மாத்திரை வரிசையில் முதல் தடவை பார்த்தபோது அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். என் வயசுதான் இருக்கும், என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "உக்காருங்க சம்பந்தி" என்றேன். அந்த வார்த்தை எனக்கே புதிதாக இருந்தது. அவர்கள் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைங்க நல்லா இருக்குதுங்கம்மா. தம்பி சோறு வடிக்கக் கத்துக்கிச்சாம்" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காதவன்! அப்போதுதான் உன் புது நம்பரை ஒரு மாத்திரை உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். "பேசறதுன்னா வெளியில போயி பேசுங்கம்மா" என்றார்கள். நான் ஒருநாளும் பேசவில்லை. நம்பர் இருக்கிறதே, அது போதும் என்று மசாலா டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அந்த நம்பரை அப்பாவிடம் நான்தான் கொடுத்தேன்.

போன வாரம் குஞ்சுகள் எல்லாம் ஒன்றாகப் பறந்து ஒன்றாக இறங்கிய அன்று, அப்பா மாடியிலிருந்து சந்தோஷமாக இறங்கி வந்தார். சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "எத்தினி நாளைக்கி இப்டியே பேஜாரா கெடக்கறது. அடுத்த ஞாயித்துக்கெழம குலதெய்வத்துக்குப் பொங்க வைப்போம். அவன் வரட்டும். அந்தப் பொண்ணும் வரட்டும்." நான் குழம்புக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். "நெசமாவா சொல்றீங்க?" என்றேன். "பெத்தவன் நான், கொல்லவா போறேன்" என்றார். நான் ஓடிப்போய் மசாலா டப்பாவைத் தூக்கினேன். ஆஸ்பத்திரியில் சம்பந்தியைப் பார்க்கிறதையும், நீ சோறு வடிக்கிறதையும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் உளறிக் கொட்டினேன். அவர் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார். அனந்தபுரத்துக்குப் போன் போட்டுச் சித்தப்பாவையும் வரச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பொங்கல் வைக்கப் போகிறார்கள் என்று நான் அரிசி களையப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் உன் சிவப்பன் வந்தது.

நீ கையில் ஊட்டி வளர்த்த ஆண் புறா. நீ போன கொஞ்ச நாளில் அதுவும் காணாமல் போயிற்று. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மாடியில் வேறு பெட்டையோடு ஜோடி சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். அன்று அப்பா குஞ்சுகளை இறக்குவதற்கு வெள்ளைப் பெட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ சிவப்பன் வந்து, மேலே இரண்டு கர்ணம் அடித்து, குஞ்சுகளோடு சேர்ந்து இறங்கியது. எனக்கு ஒரே ஆனந்தம். "ஏங்க, தம்பியோட புறா வந்துடுச்சிங்க!" என்று கத்தினேன். அப்பா சட்டைப் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து, தோலை உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது பயப்படாமல் ஏறி உட்கார்ந்து தின்றது. கட்டை விரலால் கழுத்தை நீவிக் கொடுத்தார். இறக்கையை விரித்துப் பார்த்து, "நல்லாத்தான் வச்சிருக்கான்" என்றார். பிறகு அதே விரலால் கழுத்தைத் திருகிவிட்டார். மல்லாட்டைத் தோல் உடைகிற சத்தம்கூட வரவில்லை.

"இன்னாங்க பண்ணீங்க!" என்றேன்.

"ஜோடி மாறினது. இதுக்கு இப்ப ரெண்டு வூடு. உள்ள வுட்டா குஞ்சுங்களயும் இட்டுக்கினு பூடும்."

"திரும்பித்தான வந்துச்சி?"

"வந்ததாலதான கைக்கு மாட்டுச்சி" என்று சொல்லிவிட்டு, தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, காப்பி போடச் சொன்னார்.

பந்தயத்துக்குப் புறா வளர்க்கிறவர்களில் சிலர் இப்படிச் செய்வார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். உன் அப்பா அப்படிச் செய்து நீ பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஜோடி மாறித் திரும்பி வருகிறதை முன்பெல்லாம் சந்தையில் விற்றுவிடுவார், அல்லது யாருக்காவது சும்மா கொடுத்துவிடுவார். காப்பியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இருந்தும் ஒரு புறாவுக்காகப் புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று என்னையே வைதுகொண்டேன்.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. திங்கட்கிழமை சித்தப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "மருமவ மொதமொத கோயிலுக்கு வர்றா. புடவ எடுக்கணுமே, இன்னா கலரு எடுக்கறது?" சித்தப்பா சிரித்தார். "அவளுக்கு எதுக்கு அண்ணி புது புடவ? கட்டிக்கினு வர்ற புடவயே போதும்" என்றார். அப்பா நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். சித்தப்பா சிரிப்பை நிறுத்திக்கொண்டு போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். நேற்று சந்தையில் நம் கோயில் பூசாரியைப் பார்த்தேன். பெருமுக்கல் தாண்டி ஏரிக்கரையில் தனியாக நிற்கிற கோயில், சாவி அவரிடம்தான். அவருக்குச் சொல்லாமல் நம் பங்காளிகள் யாரும் ஒரு கற்பூரம்கூடக் கொளுத்தியதில்லை. "ஞாயித்துக்கெழம பொங்கலுக்கு எத்தினி படி அரிசி எடுத்தாரணும்?" என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "எந்தப் பொங்கல்மா? எங்கிட்ட யாரும் சொல்லலியே. நான் சனிக்கெழமயே மவ வூட்டுக்குப் போறேன், திங்கக்கெழமதான் வருவேன்" என்றார். வாங்கின காய்கறிப் பையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பூசாரி இல்லாத பொங்கல், புடவை இல்லாத மருமகள், ஊருக்கு வெளியே ஏரிக்கரை. நீ படித்தவன், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். பூசாரிக்குச் சொல்ல மறந்திருக்கலாம். சித்தப்பா விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம். அப்பா உண்மையாகவே உன்னைக் கட்டிக்கொண்டு அழுவதற்காகக் காத்திருக்கலாம். அப்படியானால் அப்பனையும் பிள்ளையையும் சேரவிடாமல் தடுத்த சண்டாளி என்று காலம் முழுக்க என்னைத் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பேர் எனக்குச் சந்தோஷம். தப்பாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்கள் கையில் நான்தான் அந்த வெள்ளைப் பெட்டை. காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறார்கள், நீ மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வரப்போகிறாய்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். நீ இருக்கிற ஊர் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடு. திண்டிவனம், விழுப்புரம் இரண்டும் வேண்டாம். இங்கே வரச்சொல்லிப் பேசித் தீர்த்துவிடலாம் என்று போலீசில் யாராவது சொன்னால் தலையாட்டாதே. வக்கீல் வைத்துப் பாதுகாப்புக் கேள். உன் அப்பா பெயரையும் சித்தப்பா பெயரையும் போட்டுக் கடைசித் தாளில் தனியாக எழுதி, நான் சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நாளைக்குக் கோர்ட்டில் கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். நீ முன்பு வேலை பார்த்த விழுப்புரத்து செல்போன் கடைச் சிநேகிதர்கள் யாருக்கும் புது நம்பர் கொடுக்காதே. நல்ல பையன்கள்தான், ஆனால் அம்மா அழுகிறாள் என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். ஜான்சி போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்காதே. ஆசையாகத்தான் இருக்கும். என்னிடம் பஸ்ஸில் பார்த்த பெண்ணைப் பற்றி முதல்முதலாகச் சொன்னபோது உன் முகம் இருந்ததே, அந்த முகத்துக்கு ஊரெல்லாம் சொல்லத்தான் தோன்றும். பொறுத்துக்கொள்.

நீ வந்து என்னையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பாய். வேண்டாம். நான் இங்கே காணாமல் போனால் நேராகச் சம்பந்தி வீட்டுக்குத்தான் போவார்கள். அந்த அம்மா தனியாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களையும் உன் பக்கம் வரவழைத்துக்கொள், மாத்திரையை அங்கே வாங்கிக்கொள்ளட்டும். அப்பனையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கிறேன் என்று உளறி அவர்களையும் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

நல்ல நேரத்தில் சொல்ல வேண்டிய புத்திமதிகள் எத்தனையோ வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ உன் அப்பா மாதிரிதான், கோபம் வந்தால் பேசமாட்டாய், அவளே வந்து கெஞ்சட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். பசி காட்டிப் பழக்குவது புறாவோடு போகட்டும். ஜான்சியிடம் அதைச் செய்யாதே. அவளுக்குச் சண்டை போட்டுவிட்டுப் போக ஒரு அம்மா வீடுகூட இனி இல்லை. உன்னை நம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பெண், வயிறும் மனசும் நிறைய வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை என்னை உன்னிடம் பேசவைக்கப் போவதாக அப்பா சொல்லிவிட்டார், என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டார். அன்று காலையில் உன் போன் அடிக்கும். நம்பர் அப்பாவுடையது, பேசுகிறது நானாக இருப்பேன். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்கள், இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "தம்பி, எனக்கு ஒடம்பு முடியலடா, அப்பா மனசு மாறிட்டாரு, ரெண்டு பேரும் ஒரு தபா வந்துட்டுப் போங்கடா" என்று நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு வேறு வழி தேடுவார்கள். நீ "வர்றேம்மா" என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு அந்த சிம்மை எடுத்து உடைத்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏரிக்கரையில் காத்துக்கொண்டிருக்கட்டும், அதற்குள் நீ போலீசுக்குப் போய்விடலாம். போனில் நான் அழுவேன். அதை நடிப்பு என்று நினைத்துக்கொண்டு தைரியமாக இருந்துவிடாதே, நடிப்பாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். உன் குரலைக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று, கேட்டதும் வா என்றுதான் எனக்கு வாய் வரும், உண்மையாகவே வரும். அந்த உண்மையை நம்பித்தான் என்னைப் பேச வைக்கிறார்கள். நீ நம்பாதே. அதற்கப்புறம் எப்போதாவது, உன் அம்மா செத்துவிட்டாள் என்று தகவல் வரும். அது பொய்யாக இருக்கும். ஒருநாள் நிஜமாகவும் இருக்கும். எது என்று விசாரிக்காதே, இரண்டுக்கும் வராதே. எனக்குக் கொள்ளியை யார் வேண்டுமானாலும் வைக்கட்டும்.

அம்மா